எம்.சி. ரோடு மாடியில் சி கிளாஸ்: தாராளமாகச் சேரலாம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் சி என்ற புரோகிராமிங் மொழிக் கோர்ஸ் முடித்தேன். படிக்கட்டு குறுகல், மெஷின்கள் பழசு, பண்டிகை சீசனில் கீழே இருக்கும் கூட்டத்தைத் தாண்டி மேலே ஏறுவதே பெரும்பாடு. ஆனாலும் சேருங்கள் என்று அடித்துச் சொல்வேன், அங்கே சி எடுக்கும் மேடத்துக்காகவே.

'ஐ = 5 என்றால் ஐ++ + ++ஐ எவ்வளவு?' என்ற இன்டர்வியூ கேள்வி எல்லாரும் பார்த்ததுதான் (++ என்றால் ஒன்றைக் கூட்டுவது; ஐ++ பழைய மதிப்பைத் தந்துவிட்டுக் கூட்டும், ++ஐ கூட்டிவிட்டுத் தரும்). பல இடங்களில் 12 என்று போட்டு, ஸ்டெப் ஸ்டெப்பாக விளக்கமும் கொடுப்பார்கள். மேடம் அதை போர்டில் எழுதிவிட்டு, சி-யில் இதற்கு விடையே கிடையாது என்றார். ஒரே எக்ஸ்பிரஷனுக்குள் ஒரே வேரியபிளை இரண்டு தடவை மாற்றுகிறோம், எது முதலில் என்று சி-யின் விதிப்புத்தகமான ஸ்டாண்டர்டு சொல்லவில்லை, அதனால் கம்பைலர் (நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் புரோகிராம்) எதைக் கொடுத்தாலும் நாம் கேள்வி கேட்க முடியாது. ஜாவாவில் இடமிருந்து வலம் என்று மொழியே விதித்துவிட்டதால் அங்கே 12 சரி.

அப்புறம் செய்து காட்டியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூப்பிடும்போதெல்லாம் எண்ணில் ஒன்றைக் கூட்டித் தரும் டோக்கன்() என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, திரையில் அச்சிடும் ஒரே பிரிண்ட்எஃப்-க்குள் அதை இரண்டு தடவை கூப்பிட்டார். ஜிசிசி என்ற கம்பைலரில் 2 1 என்று வந்தது, அதே ஃபைல் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் 1 2. இரண்டு கம்பைலர் மேலும் தப்பில்லை, ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளான ஆர்கியுமென்ட்டுகளில் எதை முதலில் கணக்கிடுவது என்பதை சி அவற்றின் இஷ்டத்துக்கே விட்டிருக்கிறது. வார்னிங்கை எல்லாம் ஆன் செய்தால் ஐ++ கணக்குக்காவது ஜிசிசி எச்சரிக்கிறது, டோக்கனுக்கு மூச்சே விடவில்லை!

பின்னால் இருந்த ஒரு தம்பி, "பிராக்கெட் போட்டா சரியாயிடுமா மேடம்?" என்று கேட்டான். "ஆகாதுப்பா. பிராக்கெட், பிரசிடென்ஸ்ங்கிற குறிகளோட முன்னுரிமை ரெண்டுமே எது எதோட சேரும்னுதான் சொல்லும், எதை முதல்ல கூப்பிடணும்னு சொல்லாது. முதல்ல வேணும்கிறதைத் தனி வரியில ஒரு வேரியபிள்ல வாங்கி வெச்சுக்கோ" என்றார். பாயின்டர் (மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) நல், அதாவது எதையும் காட்டாதது, இல்லையே என்று && ('மற்றும்') குறிக்கு இடப்பக்கம் பார்த்துவிட்டு வலப்பக்கம் அதைத் தொடுவது மட்டும் ஏன் பயமில்லாத வேலை என்பதும் (அங்கே வரிசை உறுதி, இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கம் ஓடவே ஓடாது) அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

குறை என்றால் பிரின்ட் போட்டுக் கொடுக்கும் நோட்ஸ். வகுப்பில் விடை கிடையாது என்று சொல்லும் அதே கேள்விக்கு நோட்ஸில் 12 என்று அச்சாகியிருக்கிறது, வகுப்புக்கு வராமல் அதை மட்டும் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? சி-யிலிருந்து வளர்ந்த சி++ மொழியின் நோட்ஸ் இன்னும் பழசு, சங்கிலியாக எழுதும் << குறிகளை இடமிருந்து வலமாகத்தான் கணக்கிட வேண்டும் என்று சி++17 என்ற 2017 பதிப்பில் வந்த விதி அதில் இல்லவே இல்லை. மேடத்திடம் சொன்னேன், மாற்றுகிறோம் என்றிருக்கிறார்.

ஞாயிறு பேட்ச் நிரம்பி வழியும், வார நாள் சாயந்திரம் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் ஓரத்து மெஷின்களில்தான் இரண்டு கம்பைலரும் இருக்கின்றன, கொஞ்சம் முன்னாடியே போய் இடம் பிடித்துவிடுங்கள்.