ஷார்ஜாவில் கம்பெனி இன்சூரன்ஸ் அட்டை: என் பயன்பாட்டு அனுபவம்

அடுத்த மாதம் கீழக்கரையிலிருந்து சபர் (வெளிநாட்டுப் பயணம்) புறப்படவிருக்கும் என் சாச்சி (சித்தி) மகன், "காக்கா (அண்ணா), கம்பெனி தருகிற இன்சூரன்ஸ் அட்டையே போதுமா?" என்று கேட்டிருந்தான். ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட வட அமீரகங்களில் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட, ஆண்டுக்கு 320 திர்ஹத்தில் தொடங்கும் அடிப்படைத் திட்டம்தான் என்னிடமும் இருக்கிறது. ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்திலிருந்து வருவோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் வெளிவேலை பார்த்து உடம்பில் தண்ணீர் வற்றி, சிறுநீரகக் கல் அடைத்து நள்ளிரவில் துடித்தபோது, அவசரப் பிரிவில் முன் அனுமதி எதையும் எதிர்பாராமல் ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, வார்டில் சேர்த்தார்கள். உள்நோயாளிச் செலவில் 20 சதவீதம் நம்முடையது என்றாலும், ஒரு முறைக்கு 500 திர்ஹத்துக்கு மேல் போகாது என்ற உச்சவரம்பு இருப்பதால், ஆயிரக்கணக்கில் வந்த பில்லுக்கு அந்த 500 மட்டுமே கட்டினேன். வலி எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்று நான் தமிழில் சொன்னதை டாக்டருக்கு எடுத்துச் சொன்ன மலையாளி நர்ஸை என்றும் மறக்க மாட்டேன்.

என் ஆத்திரமெல்லாம் மருந்துக் கவுண்டரில்தான். நான் சர்க்கரை மாத்திரை மாதாமாதம் வாங்குபவன். டாக்டர் எழுதியதும் மருந்து கைக்கு வந்துவிடாது; மருந்தாளர் அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, அப்ரூவல் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் கால் மணி நேரத்தில் வந்துவிடும். சில நாள் மறுநாள் வரச் சொல்வார்கள். சில நாள் டாக்டர் எழுதிய நோய்க்குறியீடு மருந்தோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்து, டாக்டர் திருத்தி எழுதிய பின் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வேலைக்குப் போகாத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கப்படுகிறவனுக்கு இந்தக் காத்திருப்பே பெருஞ்செலவு. வருடக்கணக்காக உட்கொள்ளும் அதே மாத்திரைக்கு ஒவ்வொரு முறையும் எதற்குப் புதிதாகச் சம்மதம்? அதன் பிறகும் விலையில் 30 சதவீதம் நம் கையிலிருந்துதான். மருந்துக்கான காப்பீடும் ஆண்டுக்கு 1,500 திர்ஹம் வரைக்கும்தான்.

உயிர் போகிற வலியில் கைகொடுத்த அட்டைதான். இருந்தும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவரிடம் இது போதுமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் மாத்திரையை டாக்டர் சீட்டோடும் கடை பில்லோடும் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்தும் இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அமீரக அரசின் முன் அனுமதி இல்லாமல், யார் வீட்டுப் பார்சலானாலும் அவற்றை வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள்.