டிராகனுக்குப் பேச்சா, கீறலா?

மதுரையை அடுத்த யானைமலையில் டிராகன்கள் குடியிருக்கும் கதை ஒன்றுக்கு மொழி ஆக்க முனைந்தபோது என்முன் இரு வழிகள் இருந்தன. முதலாவது, உதடு இல்லாத வாய்க்கேற்ற பேச்சு: இதழ்கள் ஒட்டிப் பிறக்கும் ப, ம, பல்லும் இதழும் கூடும் வ, இதழ் குவிக்கும் உ, ஒ முதலியவற்றை நீக்கினால், நம் புலவர்கள் ‘இதழகல்’ என்று பாடிக் காட்டிய ஒலிக்கட்டு தானே அமைகிறது. அத்தகைய டிராகனால் மதுரை, கூடல், ஆலவாய் ஆகிய அந்நகரின் மூன்று பெயர்களில் ஒன்றையும் உச்சரிக்க இயலாது. கீழடி, அழகர், யானைக்கல் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லும் (தான் வாழும் மலையின் பெயர் பாதியில் நின்றுவிடும் என்பது வேறு).

இரண்டாவது, நகத்தால் பாறையில் கீறும் குறிமொழி. கீழடிப் பானையோடுகளின் கீறல்களைப் போலக் கண்ணுக்கு அழகானதுதான். ஆனால் பறந்துகொண்டே சண்டையிட உதவாது. ஆகவே முதலாவதையே எடுத்துக்கொண்டேன். ‘அம்மா’ என்று அழைக்க வாய்வராத என் டிராகன் குட்டி, தாயை ‘ஆத்தா’ என்கிறது.