தோட்டக் கணக்கில் எஸ்கியூலைட்: ஆறு பறிப்புக் காலத்து அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மாமாவுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. பழத்தின் எடை, பறிப்புக் கூலி, மழையளவு எல்லாம் நோட்டில்தான் இருந்தது. 2019 பறிப்புக்கு முன்னால் ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தேன். சேலத்தில் அலுவலக வேலை போக, இது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

செயலியை இதுவரை மூன்று தடவை அடியோடு மாற்றி எழுதியிருக்கிறேன். முதலில் பைத்தான் மொழி, இப்போது கோ மொழி. எஸ்கியூலைட் என்பது தகவலையெல்லாம் ஒரே கோப்பில் சேமிக்கும் தரவுத்தள மென்பொருள்; அடியில் இருக்கும் அந்தக் கோப்பு மட்டும் அன்று உருவாக்கியதேதான். அதை இவ்வளவு நம்புவதற்கு அதுவே முதல் காரணம்.

மாமா வீட்டு அலமாரியில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் செயலி ஓடுகிறது. மலையில் காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் போய்விடும், எழுதிக்கொண்டிருக்கும்போதே எத்தனையோ முறை அணைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கோப்பைச் சோதித்தேன், ஒரு வரிகூடக் கெட்டதில்லை.

ஆனால் 2020 டிசம்பரில் மெமரி கார்டே செத்தது. தினமும் இரவு எடுத்த நகலை மீட்டால், கடைசி நாலு நாள் எடைக் கணக்கைக் காணோம். தப்பு என்னுடையது. நான் வைத்திருந்த ‘வால்’ (WAL) என்ற எழுதும் முறையில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்துக் கோப்பு ஒன்றில் சேரும். இயல்பாக 1000 பக்கம் நிரம்பினாலோ, கடைசி இணைப்பு மூடினாலோதான் மூலக் கோப்புக்குள் போகும். என் செயலி மூடுவதே இல்லை, நானோ மூலக் கோப்பை மட்டும் நகலெடுத்திருந்தேன். அத்தை நோட்டில் எழுதுவதை நிறுத்தாததால் கணக்கு பிழைத்தது. அன்றிலிருந்து எஸ்கியூலைட்டே முழு நகல் எடுத்துத் தரும் ‘வேக்யூம் இன்டு’ கட்டளையில்தான் நகல். ஓடும் தரவுத்தளத்தை வெறுமனே காப்பி செய்யாதீர்கள்.

தமிழில் பயன்படுத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கிய விஷயம் தேடல். ஒருநாள் மாமா போன் செய்து, “மாப்ள, மிளகுன்னு தேடுனா மிளகாய்ச் செலவெல்லாம் வருது” என்றார். எழுத்துரு கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன். காரணம், எஸ்கியூலைட்டின் சொல் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 சொல் பிரிக்கும் முறையில் இருந்தது. அதன் இயல்பான அமைப்பு எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். ஒருங்குறியில் (யூனிகோட்) நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற தனி வகை. ஆகவே அவை வரும் இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படும். மிளகு என்பது ‘ம’, ‘ளக’ ஆகிவிடும். மிளகாய் ‘ம’, ‘ளக’, ‘ய’. முன்னது பின்னதற்குள் அப்படியே அடங்கிவிடுகிறது.

தீர்வு ஒரே வரி: அட்டவணை உருவாக்கும்போது, சொல்லின் பகுதியாக ஏற்கும் வகைகளைச் சொல்லும் ‘கேட்டகரீஸ்’ பட்டியலில், அந்தக் குறிகளுக்கான எம்என், எம்சி வகைகளையும் சேர்க்க வேண்டும். தேடல் அட்டவணையை அழித்து மறுபடி நிரப்பினேன், மிளகாய் விலகியது. ஆனாலும் வேற்றுமை உருபு இருக்கிறதே. ‘மிளகு’ என்று தொடங்கும் சொற்களைத் தேடினால் மிளகுக்கு கிடைக்கும், மிளகை கிடைக்காது. ‘மிளக’ என்று சுருக்கினால் மிளகாய் திரும்ப வந்துவிடும். உலகத்தில் இத்தனை சாதனங்களில் ஓடும் ஒரு மென்பொருள், எந்த அமைப்பும் மாற்றாமல் தமிழ்ச் சொல்லை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இன்னொரு குறை, எண்ணுக்கான பத்தியில் ‘நாற்பது’ என்று எழுத்தில் போட்டாலும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு, கூட்டும்போது 0 ஆக்கிவிடும். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பின் ஸ்ட்ரிக்ட் அட்டவணை இதைத் தடுக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்குங்கள்.

ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கிய மென்பொருள் இது. யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து, உரிமம் கேட்க வேண்டியதில்லை. 2050 வரை ஆதரவு தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் பலர் எழுதும் பெரிய செயலி என்றால் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்துக்குப் போங்கள். வீட்டுக் கணக்கு, கடைக் கணக்கு, தோட்டக் கணக்குக்கு இது தாராளம்.

வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டுத் தேடும் சொல்பிரிப்பான் ஒன்றை சி மொழியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ‘மிளகை’ வரைக்கும் வேலை செய்கிறது, ‘மரத்தில்’ வந்தால் இன்னும் திணறுகிறது.