முதல் வகுப்பா, கதவு வைத்த பிசினஸ் வகுப்பா? கொச்சியிலிருந்து அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கான ஒப்பீடு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், சித்தூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிவிட்டார்கள். பேரக்குழந்தையைப் பார்க்க எழுபதைத் தொட்ட பெற்றோர் கிளம்பும்போது, இந்த ஒரு முறையாவது அவர்களை முதல் வகுப்பில் அழைத்து வர வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் முதல் வகுப்பு என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. சில நிறுவனங்களின் பிசினஸ் வகுப்பு, வேறு சிலவற்றின் முதல் வகுப்பைவிட வயதானவர்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. எதை வைத்து எடை போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் பெரியம்மா ஒரே வரியில் அளவுகோலைச் சொல்லிவிட்டார்: "கால நீட்டோணும், உங்க பெரியப்பா கண்ணுக்குத் தெரியோணும், அவ்வளவுதான் கண்ணு." இந்த ஒப்பீடு முழுவதும் அந்த இரண்டு தேவைகளையே முன்வைத்து எழுதப்பட்டது.

முதலில் எங்கிருந்து ஏறுவது என்பது. நமக்கு மிக அருகில் இருப்பது கோவை விமான நிலையம். வாளையாரையோ வேலந்தாவளத்தையோ தாண்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆனால் அங்கிருந்து வெளிநாடு செல்லும் சார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் விமானங்கள் குறைந்த கட்டண நிறுவனங்களுடையவை. அவற்றில் முதல் வகுப்பு கிடையாது. ஆகவே நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம்தான் கதி. குதிரான் குகைப்பாதை திறந்த பிறகு வழி எளிதாகிவிட்டது என்றாலும், திருச்சூரைச் சுற்றியுள்ள நெரிசலையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியே கிளம்ப வேண்டும். பின்னிரவு விமானம் என்றால் வயதானவர்களின் உறக்கம் வீட்டு வாசலிலேயே கெடத் தொடங்கிவிடுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கொச்சியிலிருந்து முதல் வகுப்பு என்றவுடன் நினைவுக்கு வருவது எமிரேட்ஸ். கொச்சியிலிருந்து துபாய் வரை நான்கு மணி நேரம் போயிங் 777. துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ், ஹூஸ்டன் போன்ற ஊர்களுக்கு ஏறத்தாழ பதினாறு மணி நேரம், பெரும்பாலும் ஏர்பஸ் ஏ380 என்னும் இரண்டடுக்கு விமானம். இந்த ஏ380இன் மேல்தளத்தில் முதல் வகுப்புக்கென்று 14 அறைகள் உண்டு. ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஜன்னலோரம் ஒன்று என்ற வரிசை அது. நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே இருக்கும் தடுப்பை இறக்கிவிட்டால் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒருவருக்கு மாத்திரை நேரம் வந்துவிட்டதா என்று மற்றவர் எட்டிப் பார்க்கலாம். பணிப்பெண் வந்து இருக்கையைத் தட்டையாக்கி, அதன்மேல் மெத்தை விரித்து, போர்வையும் தலையணையும் வைத்துவிட்டுப் போவார். பதினாறு மணி நேரத்தில் ஏழெட்டு மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்க முடிகிறதென்றால் அதற்கு முதற்காரணம் அந்தப் படுக்கை.

குளியலறையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏ380இன் மூக்குப் பகுதியில் முதல் வகுப்புப் பயணிகளுக்காக இரண்டு குளியலறைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்துகொண்டு உள்ளே போனால் அரை மணி நேரம் அறை நமக்கு. தண்ணீர் ஐந்து நிமிடம். குழாயை மூடிவிட்டுச் சோப்பு போட்டுக்கொள்ளும் நேரம் அந்த ஐந்தில் சேராது என்பதால், பதற்றமில்லாமல் குளிக்கலாம். விடிந்ததும் குளிக்காமல் காப்பிகூடக் குடிக்காத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, இறங்குவதற்கு முன் வெந்நீரில் உடம்பை நனைத்து, மாற்று வேட்டியோ சேலையோ கட்டிக்கொண்டு வெளியே வருவது ஆடம்பரக் கணக்கில் சேராது என்பதே என் எண்ணம். இருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர்கள் துணையின்றி, ஆடும் விமானத்தில், ஈரத் தரையில் நிற்கலாமா என்பதை அவரவர் வீட்டில் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

இதே நிறுவனத்தின் போயிங் 777இல் 2017இல் அறிமுகமான புதிய முதல் வகுப்பு வேறு மாதிரியானது. தரையிலிருந்து மேற்கூரை வரை முழுவதும் அடைக்கப்பட்ட ஆறு அறைகள், வரிசைக்கு மூன்று, ஒவ்வொன்றும் தனித்தனி. நடு அறையில் ஜன்னல் இல்லாத குறையைப் போக்க, வெளிக்காட்சியைக் கேமரா வழியாகத் திரையில் காட்டுகிறார்கள். முழங்காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்திச் சாயும் ஒரு நிலையும் இருக்கையில் உண்டு. கால் வீக்கம் வருபவர்களுக்கு இது நல்ல வசதி. தனியாகப் போகும் ஒருவருக்கு இதைவிட அமைதியான இடம் வானத்தில் அரிது. ஆனால் தம்பதியராகப் போகும் முதியவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இருவருக்கும் நடுவே சுவரும் நடைவழியும் இருக்கும். பெரியம்மாவின் இரண்டாவது நிபந்தனை அங்கேயே அடிபட்டுப் போகிறது. பதிவு செய்யும்போது இருக்கை வரைபடத்தைத் திறந்து, வரிசையில் நான்கு இருக்கைகளா மூன்றா என்று பார்த்தாலே எந்த அமைப்பு என்பது விளங்கிவிடும்.

இனி கத்தார் ஏர்வேஸ். தோஹாவிலிருந்து அமெரிக்கா செல்லும் கத்தார் விமானங்களில் முதல் வகுப்பு கிடையாது, பிசினஸ்தான் உச்சம். அதனாலேயே பலர் இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. 2017இல் வந்த க்யூசூட் என்னும் இந்த பிசினஸ் இருக்கைக்குக் கதவு உண்டு, முழுத் தட்டையாகும் படுக்கை உண்டு. நடு வரிசையின் சில இணை இருக்கைகளில் இடைத்தடுப்பை இறக்கினால் இருவர் சேர்ந்து படுக்கும் இரட்டைப் படுக்கையாகவே அது மாறிவிடுகிறது. எல்லா நடு இருக்கைகளும் அப்படி அமைந்தவை அல்ல என்பதால், டிக்கெட் எடுத்த கையோடு இருக்கை எண்ணையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். எமிரேட்ஸ் ஏ380இன் முதல் வகுப்போடு ஒப்பிட்டால், இங்கே அகலம் குறைவு, குளியலறை இல்லை, சாப்பாட்டில் அந்த விஸ்தாரம் இல்லை. கால் நீட்டிப் படுப்பதிலும் துணை கண்ணுக்குத் தெரிவதிலும் மட்டும் எந்தக் குறையும் இல்லை. கட்டணமோ பொதுவாக முதல் வகுப்பைவிட வெகுவாகக் குறைவு.

துபாய், தோஹா இரண்டுக்கும் பொதுவான ஒரு நன்மை நம் பக்கத்தவருக்கே உரியது. அந்த நிலையங்களில் சக்கர நாற்காலி தள்ளுபவர் முதல் கடைக்காரர் வரை மலையாளிகள் ஏராளம். வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக வாழ்ந்து பழகிய எல்லையோரத்துப் பெரியவர்கள் அங்கே வழி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. டெல்லியில் அவர்களுக்கு அந்தத் தைரியம் வருவதில்லை.

அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்குரிய சிறப்பம்சம், விமானத்துக்கு வெளியே இருக்கிறது. அபுதாபி நிலையத்தில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடலாம். 2014 முதல் இந்த ஏற்பாடு நடப்பில் உள்ளது. நியூயார்க்கில் இறங்கியவுடன் உள்நாட்டுப் பயணியைப் போல நேரே வெளியே வரலாம். பதினான்கு மணி நேரம் பறந்து களைத்த நிலையில், நீண்ட வரிசையில் நின்று, அதிகாரியின் ஆங்கிலக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் பயணத்திலேயே அவர்கள் அதிகம் அஞ்சும் கட்டம். அதைத் தெளிந்த மனத்தோடு முன்கூட்டியே முடித்துவிடுவதை எந்த மெத்தையோடும் ஒப்பிட முடியாது. எதிஹாட்டின் ஏ380இல் முதல் வகுப்பு ஒன்பது அறைகள் கொண்டது. நாற்காலி தனி, படுக்கை தனி. இந்த விமானம் 2024 ஏப்ரலில் நியூயார்க் வழித்தடத்துக்குத் திரும்பியது. நியூயார்க், நியூஜெர்சிப் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஏர் இந்தியாவின் பலம் வெளிநாட்டில் விமானம் மாற வேண்டாம் என்பது. கோவையிலேயே ஏறி, டெல்லியில் மாறி, பிறகு ஒரே மூச்சில் அமெரிக்கா. அதன் பழைய 777களில் சிறிய முதல் வகுப்பு இருந்து வருகிறது. ஆனால் டெல்லி–நியூயார்க் தடத்தில் 2024 நவம்பரில் பறக்கத் தொடங்கிய ஏ350இல் 28 பிசினஸ் அறைகள், 24 பிரீமியம் எகானமி, 264 எகானமி மட்டுமே உள்ளன. முதல் வகுப்பு இல்லாத இந்தப் புதிய விமானத்தையே, முதல் வகுப்பு உள்ள பழைய விமானத்துக்கு மேலாக நான் சொல்வேன். காற்றழுத்தம் அதற்கு ஒரு காரணம். ஏ350இன் உட்புறக் காற்றழுத்தம் அதிகம் போனால் 6,000 அடி உயரத்துக்கு ஒப்பானது. பழைய 777இல் அது 8,000 அடி வரை போகும். குன்னூரில் பதினைந்து மணி நேரம் இருப்பதற்கும், உதகைக்கும் மேலான ஓர் உயரத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் அதை உணர்வார்கள். இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதால், டெல்லியிலிருந்து மேற்கே போகும் தடங்கள் சுற்றுப்பாதையாகி நேரம் கூடின. பதிவு செய்யும் நாளில் பயண நேரம் எவ்வளவு, நடுவில் எங்கேனும் இறங்குகிறதா என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கப்பூர் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் உலகின் மிக நீண்ட பயணிகள் தடம்; பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். அதன் ஏ350இல் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி என 161 இருக்கைகள். முதல் வகுப்பே இல்லை. கிழக்கே போய் அமெரிக்காவைப் பிடிப்பதில் கொச்சிக்காரருக்கு எந்த லாபமும் இல்லை.

வகுப்பு உயர்ந்தாலும் மாறாத சில உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறியது. பேருந்து, கார், ரயில் பயணத்துக்கும் அது பொருந்தும். முதல் வகுப்பில் எல்லாம் கைக்கெட்டும் இடத்துக்கே வந்துவிடுவதால், எழுந்து நடக்கும் தேவையே ஏற்படாமல் போகிறது. ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் நடைவழியில் நாலு எட்டு நடக்கச் சொல்லி அனுப்ப வேண்டும். காற்று வறண்டிருக்கும் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சைவச் சாப்பாட்டை, எந்த வகுப்பானாலும், ஒரு நாள் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.

பெட்டிகளிலும் வேறுபாடு இல்லை. எமிரேட்ஸில் அமெரிக்கா செல்லும் முதல் வகுப்புக்கும் பிசினஸுக்கும் தலைக்கு 32 கிலோவில் இரண்டு பெட்டிகள்தான். கொண்டாட்டமும் (வற்றல்) பொடி வகைகளும் கொண்டுபோவதற்காக முதல் வகுப்புக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டியதில்லை. வரியும் இரண்டுக்கும் ஒன்றே: 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு மேற்பட்ட எல்லா வகுப்புகளுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. எகானமிக்கு 5 சதவீதம்தான்.

என் தீர்ப்பு இதுதான். அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் தம்பதியருக்குக் கத்தாரின் நடு வரிசை இணை இருக்கைகளை முதலில் சொல்வேன். பணம் ஒரு தடையில்லை என்றால் எமிரேட்ஸ் ஏ380இன் நடு அறைகள். கிழக்குக் கரைக்கு எதிஹாட். தனியாகப் போகும் பெரியவருக்கு, விமானம் மாறும் இடத்தில் துணை கிடைக்குமென்றால் எமிரேட்ஸ். வெளிநாட்டில் விமானம் மாறவே அஞ்சுபவருக்கு ஏர் இந்தியாவின் ஏ350 பிசினஸ். பயணத்தின் ஒரு கட்டத்துக்கு மட்டுமே உயர்ந்த வகுப்பு கட்டுப்படியாகும் என்றால், கொச்சி–துபாய் நான்கு மணி நேரத்தைக் கீழ் வகுப்பில் கழித்துவிட்டு, நீண்ட பகுதிக்கு மட்டும் மேல் வகுப்பு கிடைக்குமா என்று முகவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எதை எடுத்தாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு விமான வகையை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஏ380க்குப் பதிலாக 777 மாற்றப்பட்டிருந்தால் இருக்கை எண்களும் மாறியிருக்கும், கணவனும் மனைவியும் வேறு வேறு பக்கமாகச் சிதறியிருப்பார்கள். அதை வீட்டிலிருந்தே தொலைபேசியில் சரிசெய்துவிடலாம். நெடும்பாசேரி கவுன்டரில் நள்ளிரவில் நின்றுகொண்டு கேட்டால் நடப்பது கடினம்.