கேனானெட் கியூஎல்17 ஜி-III: லென்ஸ் தங்கம், உள்ளே படியும் மங்கல்தான் தீராத தலைவலி

கிருஷ்ணகிரி நண்பர் ஒருவர் கேனானின் இந்தப் பழைய ஃபிலிம் கேமராவைப் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறார். "லென்ஸ்ல லேசா ஹேஸ் (மங்கல்) இருக்கு, படத்துல தெரியாது" என்று விற்பவர் சொன்னாராம். தெரியும். நன்றாகவே தெரியும். இதை எழுதுவதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

1972-இல் வந்த இந்த மாடலின் 40 மி.மீ. எஃப்/1.7 லென்ஸைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எஃப்/4-இல் சையது பாஷா மலைக் கோட்டையை எடுத்தால் பாறையின் சொரசொரப்பு வரை பிரிந்து வரும். ஷட்டர் சத்தம் கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. ஆனால் உள்ளே மங்கல் ஏறிவிட்டால் அதே பாறை சாம்பல் பூசியது போல வரும். கே.ஆர்.பி. அணையில் வெயிலுக்கு எதிராக எடுத்தால் கருப்பு கருப்பாகவே இருக்காது. விளக்குகளைச் சுற்றி வெள்ளை வளையம் விழும்.

இது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அழுக்கு இல்லை. ஃபோகஸுக்காக லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மரையில் போட்ட பழைய கிரீஸ் சூட்டில் இளகுகிறது. அதன் எண்ணெய் ஆவியாகி, ஷட்டரைப் பார்த்திருக்கும் இரண்டு கண்ணாடிப் பரப்புகளில் படிகிறது. அதே எண்ணெய்தான் ஷட்டர் பிளேடுகளிலும் ஊறி அவற்றை ஒட்ட வைக்கிறது. மே மாதம் காருக்குள் கேமராவை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

கழற்றுவதற்கு முன் என்ன பிரச்சினை என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யிலும் (அழுத்திப் பிடிக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) அப்பர்ச்சரை 1.7-லும் வையுங்கள். பூட்டு உள்ள கேபிள் ரிலீஸால் (ஷட்டர் பொத்தானில் திருகி மாட்டும் கம்பி) ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, பின்னாலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பால் போல ஒரே சீராகத் தெரிந்தால் ஹேஸ். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட்டிருக்கிறது. அதைத் துடைத்து எடுக்க முடியாது, கேமராவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹேஸ் என்றால் முதலில் முன்பக்கப் பெயர் ரிங். இதை ரப்பர் உராய்வில்தான் கழற்ற வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாஷ்பேசின் அடைப்பானே போதும். கண்ணாடியில் படாதபடி நடுவில் குழித்துக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் ஊசி முனையில் ஒரு துளி லைட்டர் பெட்ரோல் எடுத்து மரையில் விட்டு, கொஞ்ச நேரம் பொறுங்கள். ரிங் வந்ததும் முன் லென்ஸ் தொகுதியின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் தெரியும். லென்ஸ் ஸ்பேனரை அதில் நிறுத்தி, எந்த நிலையில் இருந்தது என்று பென்சிலால் குறித்துவிட்டு இடப்பக்கமாகத் திருகுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் கண்ணாடியில் நிரந்தரக் கோடு விழும், அதனால் கீழ்நோக்கி அழுத்தியபடியே திருப்ப வேண்டும். கூடவே மெல்லிய வளையம் ஏதாவது வந்தால் அது அதே இடத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும். பின் தொகுதியையும் ஃபிலிம் அறை வழியாக இதே மாதிரி எடுக்கலாம்.

துடைப்பதற்கு முன் புளோயர் அடித்தே ஆக வேண்டும். நம் பக்கத்துக் காற்றில் கிரானைட் தூசி உண்டு. அதிலுள்ள குவார்ட்ஸ் கோட்டிங்கைக் கீறிவிடும். பிறகு லென்ஸ் டிஷ்யூவில் லைட்டர் பெட்ரோலைத் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றி ஒரே ஒரு முறை துடையுங்கள். டிஷ்யூவை மாற்றிவிட்டு 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஒவ்வொரு முறையும் புது டிஷ்யூதான். சானிடைசரில் கிளிசரின் இருப்பதால் அது படலமாகத் தங்கிவிடும். அசிட்டோன் விளிம்பின் கருப்புப் பெயின்டைக் கரைத்துவிடும். பூஞ்சையாக இருந்தால் மெடிக்கலில் கிடைக்கும் 6% ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். ஆனால் பூஞ்சை கோட்டிங்கைத் தின்றிருந்தால் தழும்பு போகாது.

பிளேடு ஒட்டியிருந்தால் லைட்டர் பெட்ரோலை ஒரு சொட்டு மட்டும் தொட்டு வைத்து, ஷட்டரைத் தட்டி, வெளிவரும் எண்ணெயைத் துடைத்து, காய்ந்தபின் மறுபடியும் அதையே செய்யுங்கள். எண்ணெய் விடவே கூடாது. வியூஃபைண்டருக்குள் பாதி வெள்ளி பூசிய கண்ணாடி இருக்கிறது, அதைத் தேய்த்தால் பூச்சோடு வந்துவிடும், புளோயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது தொகுதியை முதலில் இடப்பக்கம் சுழற்றுங்கள். மரை "டக்" என்று விழும் இடத்திலிருந்து வலப்பக்கம் திருகினால் சிக்காது.

எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அடுத்த கோடையில் மங்கல் திரும்பி வரலாம், என் எரிச்சல் எல்லாம் அதில்தான். கண்ணாடியைத்தான் துடைத்தோம், கிரீஸ் அப்படியேதானே இருக்கிறது! அதை மாற்ற முன்தோலை உரித்து லென்ஸ் பலகையை இறக்க வேண்டும், ஒளிமானி வயர்களைக் காப்பாற்ற வேண்டும், மரை எந்த இடத்தில் பிரிகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு ஃபிலிம் உட்காரும் உள் ரெயில்களில் மங்கிய டேப் ஒட்டி, தூரத்து மலை விளிம்பு அதில் கூர்மையாக விழுகிறதா என்று பார்த்து இன்ஃபினிட்டியை (வெகுதூர ஃபோகஸை) சரிசெய்ய வேண்டும். ஃபோகஸ் பார்க்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரை அதே விளிம்பில் தனியாகச் சரிபார்க்க வேண்டும். வெறும் "சர்வீஸ் செய்தது" என்று விற்கும் பலர் இந்தப் பக்கமே போவதில்லை.

ஆகவே, இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: ஹேஸ் உள்ளதை வாங்காதீர்கள். கிரீஸ் மாற்றியதாகச் சொல்லும் கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் விற்காதீர்கள். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சூடு ஏறாத அலமாரியில் வையுங்கள். பார்க்கப் போகும்போது டார்ச்சும் கேபிள் ரிலீஸும் எடுத்துப் போங்கள்; பி-க்கு பேட்டரி தேவையில்லை, விற்பவர் எதிரிலேயே திறந்து காட்டலாம்.