மூணு கலர் பேனல் லைட்: எட்டு மாதம் எரித்துப் பார்த்தபின்

"ஏனுங்க்கா, பொம்பளைங்க எல்லாம் மஞ்சள்தான் கேப்பாங்க, ஆம்பளைங்கதான் வெள்ளை" என்று கடைக்காரத் தம்பி சொன்னதை நம்பி ஒரே கலரில் வாங்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று. சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டால் வெள்ளை, மஞ்சள், இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று மாறுகிற எல்இடி பேனல். 15 வாட், ஒன்று 480 ரூபாய். ஆறு வாங்கி அவிநாசி வீட்டில் மாட்டினோம்.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் லைட் பாக்ஸில் துணியை வைத்து டி65, டிஎல்84 (கடை விளக்கு மாதிரி வெளிச்சம்) என்று மாற்றி மாற்றி ஷேடு பார்க்கிற பிழைப்பு. டி65 என்றால் பகல் வெளிச்சத்துக்கு ஈடான 6500 கெல்வின் வெள்ளை; இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். ராத்திரி வீட்டிலும் அதையே பார்த்தால் இன்னும் கம்பெனியிலேயே நிற்கிற மாதிரி இருக்கும், அதனால் எனக்கு ஹாலில் 3000 மஞ்சள். சரி, தம்பி கணக்கு சரிதானே என்றால், டிவி பார்க்கிற வீட்டுக்காரரும் மஞ்சள்தான் கேட்கிறார். அத்தையோ சமையலறையில் மஞ்சளை அண்டவே விடமாட்டார். "பருப்புல கல்லு கெடந்தாத் தெரியோணுமல்ல?" யார் கையில் என்ன வேலை இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கலர்.

வயசுக்கு மட்டும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளித்துப் போகிறது. மாமாவுக்கு 74. வெள்ளை போட்டால் கூசுகிறது என்பார், மஞ்சள் போட்டால் பேப்பரில் எழுத்து தெரியவில்லை என்பார், நாங்களும் ஒரு மாதம் அவர் வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது நடுக் கலர், 4000. கூடவே தோளுக்குப் பின்னாலிருந்து பேப்பரில் மட்டும் விழுகிற மாதிரி ஒரு மேசை விளக்கு. அதற்கப்புறம் புகார் இல்லை.

பத்தாவது படிக்கிற பையன் வெள்ளையில் படிக்கிறான், அவன் படுக்கப்போகும் முன் நானே மஞ்சளுக்கு மாற்றிவிடுகிறேன்.

இனி குறைகள். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்கிற எண்) 80 என்று போட்டிருக்கிறது, வீட்டுக்குப் போதும் என்கிறார்கள். ஆனால் அந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி, அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. என் அரக்குப் பட்டு இதன் வெள்ளையில் மரக்கலராகத் தெரிகிறது. புடவை எடுத்து வைக்கிற அறைக்கு 90-க்கு மேல் பார்த்து வாங்குங்கள்.

பெரிய தொல்லை கரண்ட். ஒரு சிமிட்டு சிமிட்டினால் போதும், யாரோ சுவிட்சைத் தட்டியதாக நினைத்துக்கொண்டு அடுத்த கலருக்குத் தாவிவிடுகிறது. ஹாலில் ஒரே சுவிட்சில் இருக்கிற மூன்றும் ஒன்றாகவும் தாவுவதில்லை, இரண்டு மஞ்சள் ஒன்று வெள்ளை என்று நிற்கும். அணைத்துவிட்டுப் பத்து விநாடி பொறுத்துப் போட்டால் எங்கள் வீட்டில் ஒழுங்குக்கு வருகிறது.

தாளிக்கும்போது இரண்டு தடவை மஞ்சளுக்கு மாறியதும் அத்தை சமையலறைப் பேனலைக் கழற்றச் சொல்லிவிட்டார். அங்கே இப்போது 110 ரூபாய் சாதா வெள்ளை பல்பு.