"டூ லோ, டெரெய்ன்!": நாலு வருஷமாக என் 737-இடம் திட்டு வாங்கிய கதை

வீட்டுக் கம்ப்யூட்டரில் போயிங் 737-800 ஓட்ட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் இரண்டு மூன்று இரவு, சாப்பிட்டு முடித்தபின் ஒரு பயணம். சிமுலேட்டரின் பெயரும் காசு கொடுத்து வாங்கிய விமானத்தின் பெயரும் இங்கே வேண்டாம். கிராபிக்ஸ், ஃபிரேம் ரேட் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஜிபிடபிள்யூஎஸ் பற்றி; தரை நெருங்கினால் கத்துமே, அந்தக் குரல். அது கேட்டாலே ஹாலிலிருந்து மகள், "அப்பா, உங்க ஆளு திட்ட ஆரம்பிச்சுட்டாரு" என்பாள்.

முதல் வருஷம் முழுக்க எனக்கு வாய்த்தது "டூ லோ, ஃப்ளாப்ஸ்". தாழ வந்துவிட்டாய், ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கைத் தகடு) போதவில்லை என்று அர்த்தம். எல்லாம் ஒழுங்காகப் போகும். தரைக்கு 250 அடி இருக்கும்போது சரியாகக் கத்தும். நானோ ஃப்ளாப் லீவரைக் கடைசி வரை இழுத்து வைத்திருக்கிறேன். சாஃப்ட்வேர் கோளாறு என்று முடிவுகட்டி, துணை விமானி பக்கத்துப் பேனலில் இருக்கும் ஃப்ளாப் இன்ஹிபிட் சுவிட்சின் (இந்த எச்சரிக்கையை அடக்குவது) மூடியைத் தூக்கித் தட்டிவிட்டேன். குரல் அடங்கியது. ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன்.

ஒருநாள் 300 அடியில் பாஸ் போட்டு, காக்பிட்டுக்குள் லீவரை ஜூம் செய்து பார்த்தேன். என் மேஜையில் இருக்கும் லீவர் கடைசியில் நிற்கிறது. திரையில் இருக்கும் லீவர் 25-இல் நின்று லேசாக நடுங்குகிறது. 737-இல் வழக்கமான லேண்டிங்குக்கு ஃப்ளாப் 30 அல்லது 40 வேண்டும். 25-ஐ வைத்துக்கொண்டு 245 அடிக்குக் கீழே இறங்கினால் அது கத்தத்தான் செய்யும். செட்டிங்ஸில் பார்த்தால் லீவர் 94 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. லீவரின் அளவைக் கேலிபரேட் செய்து, கடைசி முனையில் கொஞ்சம் டெட் ஜோன் (முனைக்குச் சற்று முன்னாலேயே முழுசாக எடுத்துக்கொள்ளும் இடைவெளி) கொடுத்ததும் சரியாகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. இந்தமுறை லீவர் எங்கே நிற்கிறது என்று அளக்கும், உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், சில மாதம் தாங்கியது. மூன்றாவது முறை வந்தபோது லீவரே வேண்டாம் என்று ஃப்ளாப்பை இரண்டு பட்டன்களுக்கு மாற்றிவிட்டேன். பார்க்க அழகில்லை. ஆனால் அதற்குப் பிறகு இன்றுவரை அந்தத் திட்டு வந்ததில்லை.

அடுத்தது கேரளத்துக் கண்ணூர். இறங்கும் கடைசிக் கட்டத்தில் ரன்வே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, சக்கரங்கள் கீழே, ஃப்ளாப் 30. 700 அடிக்குக் கீழே போனதும் "டூ லோ, டெரெய்ன்", அதாவது தரைக்கு மிகத் தாழ வந்துவிட்டாய். இறங்காமல் மேலே ஏறிச் சுற்றிக்கொண்டு (கோ-அரவுண்டு) மறுபடி வந்தேன், மறுபடியும் அதே. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. இந்தக் கருவியிடம் உலக ரன்வேக்களின் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலில் இருக்கும் ரன்வேயிலிருந்து 15 கடல் மைலுக்கு மேல் தள்ளி இருந்தால், தரைக்கு 700 அடிக்குள் வரக் கூடாது என்பது அதன் கணக்கு. கண்ணூர் விமான நிலையம் திறந்தது 2018 டிசம்பரில். என்னிடம் இருந்த டேட்டா அதற்கும் முந்தியது. பாவம், அதன் பார்வையில் நான் ரன்வேயே இல்லாத மலைக்காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். நேவிகேஷன் டேட்டா 28 நாளுக்கு ஒருமுறை மாறும். சந்தா கட்ட மனசில்லாமல் பழையதிலேயே ஓட்டியது என் தப்பு. புதியதைப் போட்டதும் குரல் நின்றது.

இடைப்பட்ட இரண்டு நாளும் இந்த எச்சரிக்கையை அடக்கும் டெரெய்ன் இன்ஹிபிட் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் இறங்கினேன். பட்டியலில் இல்லாத விமான நிலையத்துக்கு நிஜத்திலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் 2012 மே 9 அன்று இந்தோனேசியாவில், ஜாவாவின் சலாக் மலையில் நடந்ததைப் படித்தபிறகு அந்தச் சுவிட்சில் கை வைக்கவே கூசுகிறது. சுகோய் சூப்பர்ஜெட் என்ற ரஷ்யப் பயணிகள் விமானத்தின் செயல்விளக்கப் பயணம் அது. எச்சரிக்கை அடித்தது, டேட்டாபேஸ் கோளாறு என்று நினைத்து கேப்டன் அதை அணைத்துவிட்டார். முதல் எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் நடுவே 38 வினாடி. 45 பேரும் போய்விட்டார்கள். நான் கண்ணூரில் யோசித்ததும் அச்சு அசலாக அதே யோசனைதான். என் யோசனை சரியாக இருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மிக வேகமாக இறங்கினால் வரும் "சிங்க் ரேட்" பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; அது நூற்றுக்கு நூறு நான்தான். உயரத்தில் தங்கிவிட்டு, கடைசி 500 அடியில் நிமிடத்துக்கு 2,000 அடி வேகத்தில் இறங்கினால் யார்தான் திட்டமாட்டார்கள்? தரை வேகத்தை (நாட், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல்) ஐந்தால் பெருக்கினால் வழக்கமான மூன்று டிகிரிச் சரிவுக்கான இறங்கு வேகம் கிடைக்கும்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. கணக்கை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன். "கிளைட்ஸ்லோப்" (சரியான இறங்கு சரிவுக்குக் கீழே போகிறாய்) வந்தால், ரன்வேக்கு ரேடியோவில் வழிகாட்டும் ஐஎல்எஸ் அலைவரிசையைப் போட்டுவிட்டு கண்பார்வையில் தாழ இறங்குகிறீர்களா என்று பாருங்கள். அதற்குரிய விளக்கை அமுக்கினால் அடங்கிவிடும்.

தீராதது ஒன்று பாக்கி இருக்கிறது. நான் அடிக்கடி போகும் ஒரு மலைப்பாதையில், சீனரி டேட்டா கோளாறால் தரையிலிருந்து ஊசி மாதிரி ஒரு கூம்பு வானத்தை நோக்கி நிற்கிறது. அதன்மேல் பறந்தால், கீழே இருக்கும் தரைக்கான உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 2,000 அடியிலிருந்து சட்டென்று சரிகிறது. "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" என்று வீடே அதிர்கிறது. கருவியைக் குறை சொல்ல முடியாது. அந்த உலகத்தில் அங்கே நிஜமாகவே ஒரு கூம்பு இருக்கிறதே! அடுத்த அப்டேட்டில் போகுமோ என்னவோ. அதுவரை அந்தப் பக்கம் போனால் ஆயிரம் அடி கூடவே வைத்துப் போகிறேன்.